களாப்புதர்க் கோழி

குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலிகள் மேல் இந்தப் பத்திக்காரருக்கு ஏற்கெனவே கடுப்பு. இந்த ஞாயிறு பள்ளிக்கரணையில் பக்கத்தில் நின்ற இளைஞர் போனைத் தூக்கிப் பிடித்து, "வல்லூறு சார், ஆப் சொல்லுது" என்றார். மின்கம்பியில் உட்கார்ந்து அச்சு அசலாக வல்லூறு போலக் கத்திக்கொண்டிருந்தது ஒரு கரிச்சான். மைனாவை மிரட்டி இரையைப் பிடுங்க அது செய்கிற பழைய தில்லுமுல்லு.

"வாலைப் பாருங்க தம்பி, பிளந்திருக்கு."

தம்பி பார்த்தது திரையை.

அந்த ஆத்திரத்தில்தான் பத்திக்காரர் கடப்பாக் கதையை ஆரம்பித்தார். கல்குருவிக்கு உறவான ஒரு பறவை. நெஞ்சில் இரண்டு பட்டை, இரவில் மட்டும் நடமாட்டம். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டனுக்குக் கிடைத்தது. 1848இல் எட்வர்ட் பிளைத் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஆங்கிலத்தில் அது ஜெர்டன்ஸ் கோர்சர். துரைமார் பெயரைப் பறவைக்கு மாட்டிவிடும் வழக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் புலம்பாத மாதம் உண்டா? ஆனால் இம்முறை புலம்பலுக்குச் சாட்சி இருக்கிறது. தெலுங்கில் அதற்குக் கலிவி கோடி என்று பெயர். கலிவி என்றால் நம் களாச்செடி. களாப்புதரில் திரியும் கோழி! எங்கே தேடவேண்டும் என்று பெயரே கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. ஜெர்டன் என்ற பெயர் எங்கே அழைத்துப் போகும்? இங்கிலாந்துக் கல்லறைக்கு.

1900க்குப் பிறகு யாரும் அதைப் பார்த்ததாகப் பதிவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் முடிவுகட்டினார்கள். 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண், கடப்பா அருகே லங்கமலைப் பக்கம் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தபோது, உள்ளூர்க்காரர் ஒருவர் இரவில் அதை உயிரோடு பிடித்தார். கூண்டில் அது அதிக நாள் தாங்கவில்லை. அதற்குள் பறவையியலாளர் சாலிம் அலியின் காதுக்குச் செய்தி போய்விட்டது. அப்போது அவருக்கு 89 வயது.

அதன்பிறகும் பறவை கண்ணில் அகப்படுவதாக இல்லை. அதனால் ஆராய்ச்சியாளர்கள் கண்ணைக் கொஞ்சம் ஓரங்கட்டினார்கள். நம்மூர் ப. ஜெகநாதனும் பிரிட்டிஷ் நிபுணர் ரிஸ் கிரீனும் முள்காட்டில் மண்ணைப் பொடித்துச் சமன்செய்து பட்டை பட்டையாகப் பரப்பி வைத்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் மூன்று விரல் தடம். ஆனால் மஞ்சள்மூக்கு ஆட்காட்டிக்கும் பின்விரல் கிடையாது! ஆகவே தடத்தை அளந்து, விரல் தடிமன் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். பத்திக்காரர் இந்த இடத்தில் குச்சியால் மண்ணில் கோடு போட்டே காட்டினார். தானியங்கிக் கேமராவும் வைத்தார்கள். பொழுது சாய்ந்து முக்கால் மணி நேரம் கழித்து, சில நிமிடங்களே கேட்கும் ஈரசைக் கூவலை ஒலிநாடாவில் பிடித்தார்கள். அதுவரை அந்தக் குரல் யாருடையது என்று அறிவியலுக்குத் தெரியாது. 2004இல்தான் கட்டுரை வந்தது. 2025 ஆகஸ்டில் ஆந்திராவில் பறவை ஆர்வலர்கள் மீண்டும் பிடித்ததும் அந்தக் குரலைத்தான்.

இன்னொரு கூத்து, அபர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு முட்டை. 1917இல் கோலார் பக்கம் எடுத்தது. மரபணுவைச் சோதித்து அது இந்தப் பறவையுடையது என்று உறுதிசெய்தது 2013இல். ஆக, பறவை 'காணாமல் போன' காலத்திலும் கோலாரில் முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"இப்ப கடப்பாவுல அது பத்திரமா இருக்கா சார்?"

2005இல் அந்த முள்காட்டில் கால்வாய்க்காக மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதையும், எதிர்ப்புக்குப் பிறகு கால்வாயின் பாதையை மாற்றியதையும் சொன்னார். கால்வாயின் பெயர் தெலுங்கு கங்கை. அந்தத் திட்டத்தின் கிருஷ்ணா நீர்தான் பூண்டிக்கு வந்து சென்னைக் குழாயில் இறங்குகிறது. தம்பி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அது எப்படி சார் கத்தும்?"

பத்திக்காரர் தொண்டையைச் செருமி, தனக்குத் தெரிந்தவரை கூவிக் காட்டினார். கரிச்சான் பறந்துவிட்டது. தம்பி போனைத் தூக்கிப் பிடித்தார். செயலி வாயைத் திறக்கவில்லை.