கணினி அறையில் ஆசிரியருக்கு இடம் எங்கே?

2016 ஜனவரி இறுதியில் தேவ்நார் குப்பைமேடு பற்றியெரிந்தது. 1927 முதல் மும்பையின் கழிவைச் சுமந்து நிற்கும் அந்த 132 ஹெக்டேர் பரப்பிலிருந்து எழுந்த புகை, செயற்கைக்கோள் படங்களிலும் தெரிந்தது. கோவண்டியிலும் செம்பூரிலும் மக்கள் மூச்சுத் திணறினர். சுற்றுவட்டார மாநகராட்சிப் பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டன. அதே தேவ்நாரில் இயங்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில், ஏறத்தாழ அதே காலத்தில், அரசுப் பள்ளிகளில் கணினிவழிக் கற்பித்தல் எவ்வாறு அமைய வேண்டும் என்ற கேள்விக்கு நேர்மையான விடையொன்று உருவாகிக்கொண்டிருந்தது. அந்த விடையையும், அந்நிறுவனத்தின் ஊழியர்களுக்கு 2024-இல் நேர்ந்ததையும் நாம் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

‘கிளிக்ஸ்’ எனப்படும் அத்திட்டத்தை, டாடா அறக்கட்டளைகளின் நிதியுதவியுடன் இந்நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் இணைந்து தொடங்கின. அருகே மான்குர்டிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும் அதில் பங்கேற்றது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், தெலங்கானா, மிசோரம் ஆகிய நான்கு மாநிலங்களில் 470-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை அது எட்டியது. தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கான 2017-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ விருதும் அதற்குக் கிடைத்தது.

விருதைக் காட்டிலும் அதன் செயல்முறையே நம் கவனத்துக்குரியது. ஒரு கணினியின் முன் இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்து அமர்கின்றனர். கருவிப் பற்றாக்குறையால் நேர்ந்த சமரசமன்று அது. பேசியும் வாதிட்டும் கற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நாற்கரங்களின் பண்புகளைத் துப்புத் துலக்கும் விளையாட்டாக அறிகின்றனர். தவறான விடைக்குத் தண்டனையில்லை; ஏன் தவறியது என்ற உரையாடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இணைய இணைப்பு இல்லாத ஊர்களுக்காகப் பள்ளியிலேயே ஒரு சேமிப்புக் கணினியில் பாடங்கள் வைக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர்களுக்கு முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பும், தங்களுக்குள் ஐயங்களைப் பகிர்ந்துகொள்ள டெலிகிராம் குழுக்களும் ஏற்படுத்தப்பட்டன. ஆசிரியரை அகற்றிவிட்டு எந்திரத்தை நிறுத்துவதன்று, ஆசிரியரின் கையில் எந்திரத்தைக் கொடுப்பதே இங்கு நடந்தது.

சந்தையின் வழி நேர் எதிரானது. ‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்பதைத் ‘திறன்மிகு வகுப்பறை’ என்று பெயர்க்கிறார்கள். திறன் திரைக்கா, எதிரே அமர்ந்திருக்கும் குழந்தைக்கா என்பதை அச்சொல் கூறுவதில்லை. பெரு நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ முன்னேற்றம் ஏற்பட்டதற்குச் சான்றில்லை என்று 2012-இல் வெளியான மதிப்பீடு தெரிவித்தது. மும்பை மாநகராட்சியும் 2015-இல், புத்தகப்பையின் சுமை குறையும் என்று சொல்லி, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டேப்லெட் கருவிகளை விழா நடத்தி வழங்கியது. 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையதாகக் கொண்டாடப்பட்ட பைஜூஸ் நிறுவனத்தின் கதை எல்லோரும் அறிந்ததே. பெற்றோர்களைக் கடனில் தள்ளிப் பாடங்களை விற்பதாக எழுந்த புகார்களால் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைமை நிர்வாகியை அழைத்து விசாரிக்க முற்பட்டது. 2024 ஜூலையில் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது.

அரசு மனம் வைத்தால் வேறு வழியும் உண்டு என்பதற்குக் கேரளம் சான்று. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், காலப்போக்கில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, உரிமக் கட்டணம் பன்னாட்டு நிறுவனங்களுக்குப் போவதைத் தடுத்தது. அங்கும் குறையில்லாமலில்லை. 2020 ஜூன் 1 அன்று தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கியபோது, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் வீடுகளில் அதற்கான வசதி இல்லை. நூலகங்களும் வாலிபர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திரட்டிக் கொடுத்தே அந்த இடைவெளி குறைக்கப்பட்டது.

தேவ்நாருக்குத் திரும்புவோம். 2024 ஜூன் இறுதியில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் தன் நான்கு வளாகங்களிலும் 55 ஆசிரியர்களையும் ஏறத்தாழ 60 பிற ஊழியர்களையும் பணிநீக்கம் செய்து அறிவிக்கை அனுப்பியது. பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்களும் அவர்களில் இருந்தனர். டாடா கல்வி அறக்கட்டளையின் நிதி நீட்டிக்கப்படவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். எதிர்ப்பு எழுந்தது, அறக்கட்டளை நிதியைத் தொடர ஒப்புக்கொண்டதும், இரண்டே நாளில் அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. ஆபத்து நீங்கிவிடவில்லை. பாதிக்கும் மேற்பட்ட நிதியை ஒன்றிய அரசிடமிருந்து பெறும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் தலைமையை நியமிக்கும் அதிகாரத்தை, 2023-ஆம் ஆண்டு விதிகளின் வழியாக ஒன்றிய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. இந்நிறுவனமும் அவற்றுள் அடங்கும். நியமிக்கும் அதிகாரம் அரசுக்கு. இந்த ஊழியர்களின் ஊதியத்துக்கு மட்டும் முதலாளியின் அறக்கட்டளை! கல்விப் புத்தாக்கம் பற்றி மேடைதோறும் முழங்கும் ஒன்றிய அரசு, அப்பணியிடங்களை நிரந்தரமாக்கித் தன் நிதியிலிருந்து ஊதியம் வழங்க வேண்டும்.

கிளிக்ஸ் பாடங்கள் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவை. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், தம் மொழியில் பெயர்க்கலாம். இந்தியிலும் தெலுங்கிலும் அவை உள்ளன. மும்பை மாநகராட்சி எட்டு மொழிவழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. நகரின் மனிதவள மேம்பாட்டுப் பட்டியலில் கடைசி இடத்தில் வைக்கப்பட்ட எம்-கிழக்கு வட்டத்தில்தான் தேவ்நார் உள்ளது. நான்கு மாநிலங்களுக்குச் சென்ற பாடம், மதிலுக்கு வெளியேயுள்ள கோவண்டிப் பிள்ளைக்கும், தாராவியின் தமிழ்வழி மாணவிக்கும் கிடைக்கச் செய்யுமாறு மாநகராட்சியை நாம் வலியுறுத்த வேண்டும். தாராவி, மாதுங்கா, செம்பூர் கிளைகளின் தோழர்கள் முதலில் பெற்றோருடன் தத்தம் பகுதிப் பள்ளிக்குச் செல்லட்டும். கணினி அறையின் பூட்டு வாரத்தில் எத்தனை நாள் திறக்கப்படுகிறது, அந்த அறைக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா, அவர் நிரந்தர ஊழியரா ஒப்பந்த ஊழியரா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, விடைகளை எழுதி எமக்கு அனுப்பட்டும்.