பலக் கணக்கு சண்டை ஆகாது

ஜப்பானிய அனிமே தொடர் 'வன் பீஸ்' பார்க்கும் சேலம், நாமக்கல் பையன்களிடம் ஒரே தீர்ப்புதான்: நாயகன் லூஃபி தன் உச்ச வடிவமான கியர் 5-ஐ எட்டியபின் அவனுக்கும் மற்றவர்களுக்கும் பலத்தில் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி, முடிவு தெரிந்த சண்டையில் என்ன சுவை?

ஒன்று. முடிவு எப்போது தெரியாமல் இருந்தது? கடற்கொள்ளையரின் அரசன் ஆவேன் என்று 1997-இல், எய்ச்சிரோ ஓடா எழுதிய மூல மாங்காவின் முதல் அத்தியாயத்திலேயே அவன் சொல்லிவிட்டான்.

இரண்டு. பலசாலிதான் வெல்வான் என்றால் அலபாஸ்டா பகுதியை மறுபடி பாருங்கள். மணலாக மாறும் வில்லன் குரோக்கடைலிடம் லூஃபி இருமுறை தோற்றான். முதல் முறை கொக்கி உடம்பைத் துளைத்தது, மணலில் புதைந்தான். மூன்றாம் முறை வென்றானே, இடையில் பலமா கூடியது? ஈரம் பட்டால் அந்த மணலுடம்பு அடி வாங்கும் என்று கண்டுகொண்டிருந்தான். கையில் தண்ணீர் இல்லை. தன் ரத்தம் தோய்ந்த முஷ்டியாலேயே குத்தினான். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? இன்னொரு பகுதியில் எதிரி பெரோனாவின் பேய்கள் எல்லோரையும் மனம் உடைய வைத்தன. ஏற்கெனவே அவநம்பிக்கையில் ஊறிய, லூஃபியின் தோழன் உசோப்பிடம் மட்டும் பலிக்கவில்லை. அங்கே பலவீனமே ஆயுதம்.

வானோ பகுதியில் சண்டைகளை இழுத்தடித்தார்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அது வேகத்தின் குறை. பலத்தில் உள்ள இடைவெளியின் குறை அல்ல.

மூன்று. நம் ஊர்க் கூத்தில் 'கர்ண மோட்சம்' பார்த்ததில்லையா? கர்ணன் சாவான் என்று தெரியாமலா சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது? களத்துக்குப் புறப்படுகிறவனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்கத்தான் கண்விழிக்கிறார்கள். அம்பு பாய்வது கடைசியில்தான்.

பலப் பட்டியலை மூடிவையுங்கள். யார், யாருக்காக அடி வாங்குகிறான் என்று பாருங்கள்.