வாறுகால் இல்லாத ஊருக்கு நான்கு மாடி

கட்டட அனுமதியை எளிமையாக்குவதாகச் சொல்லி 2024-இல் கோட்டையிலிருந்து வெளியான உத்தரவுகள், மதுரையை ஒட்டிய ஊராட்சிகளிடம் எஞ்சியிருந்த சிறு பிடியையும் தளர்த்திவிட்டன. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநகரத்துக்கும் சிற்றூருக்கும் ஒரே அளவுகோலை வகுத்தன. மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டடம் எழுப்பலாம் என்பதைக் குறிக்கும் தளப்பரப்புக் குறியீட்டைப் பொதுவாக 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. ஐந்தரை சென்ட் மனையில், அதாவது ஏறத்தாழ 2,400 சதுர அடியில், 3,600 சதுர அடியாக இருந்த வரம்பு இதனால் 4,800 ஆயிற்று. அதுவும் போதாதென்று, உயர்மாடி வகையில் சேராத சிறு கட்டடங்களின் உயர வரம்பு 2024-இல் 12 மீட்டரிலிருந்து 14 மீட்டராக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் வந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கு இணையவழியில் உடனடி அனுமதி தருகிறது. அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த எளிய குடும்பங்களுக்கு இது ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தைக் காட்டி நுழைந்த சலுகை, வாடகைக்கும் விற்பனைக்கும் குடியிருப்புகளை அடுக்குவோர் வரை நீண்டிருக்கிறது.

14 மீட்டர் உயரத்துக்கும் 750 சதுர மீட்டர் பரப்புக்கும் உட்பட்டு, எட்டு வீடுகள் வரை கொண்ட குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்று 2024-இல் தரப்பட்ட விலக்குதான் இவற்றில் மிக மோசமானது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படியே கட்டடம் எழுந்திருக்கிறதா, கழிவுநீர்த் தொட்டி வரைபடத்தில் மட்டுமன்றித் தரையிலும் இருக்கிறதா என்று குடியேறுவதற்கு முன்பே கேட்கக்கூடிய கடைசிக் கட்டம் இந்தச் சான்றிதழ்தான். எட்டு வீடுகளில் வீட்டுக்கு நால்வர் என்று கொண்டாலும் 32 பேர். ஊரகக் குடிநீர்த் திட்டங்களின் அளவான நபருக்கு 55 லிட்டர் என்ற கணக்கிலேயே நாளொன்றுக்கு 1,760 லிட்டர் நீர் செலவாகும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஏறத்தாழ 1,400 லிட்டர், கழிவுநீராக வெளியேறும். மாடிக் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் செலவு அந்த அளவோடு நிற்பதுமில்லை. நகரில் இக்கழிவைப் பாதாளச் சாக்கடை வாங்கிக்கொள்ளும். அது இல்லாத ஊராட்சித் தெருவில் உறிஞ்சுகுழி நிரம்பினால் நீர் வாறுகாலுக்கும், வாறுகால் இல்லையெனில் கண்மாயின் வரத்துக்காலுக்கும்தான் போய்ச் சேரும். சிட்கோ தொழிற்பேட்டையும் நான்குவழிச் சாலையும் அருகே தோப்பூர் எய்ம்ஸும் மனைவிலையை ஏற்றிவிட்ட, மதுரையை அடுத்த கப்பலூர் வட்டாரத்தில், பாசனத்துக்கென வெட்டிய கால்வாய்களைச் சாக்கடையாக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஊரக வளர்ச்சி என்று பெயர் சூட்டுவது வெட்கக்கேடு.

குடிநீரும் துப்புரவும் ஊராட்சியின் பொறுப்புகள் என்று அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆம் அட்டவணை பட்டியலிடுகிறது. பொறுப்பு இங்கே இருக்கிறது; பணமோ வேறிடம் செல்கிறது. பெரிய கட்டடங்கள் மீது 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி வசூலாகும் உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் மாநில நிதியத்தில் சேர்கிறது. கழிவைச் சுமக்கும் ஊர், தன் மண்ணில் வசூலான தொகைக்கே தலைநகரில் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

கோட்டையில் மாறிமாறி அமர்ந்தவர்களின் முந்தைய கணக்கைப் புரட்டினால் இது தற்செயலான தவறாகத் தோன்றவில்லை. 2011-இல் மதுரை மாநகராட்சியை 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரித்தபோது இணைத்துக்கொண்ட பகுதிகளுக்கு, மாநகர வரி உரிய காலத்தில் வந்தது. பாதாளச் சாக்கடையோ பத்தாண்டு கடந்தும் முழுமையாக வந்து சேரவில்லை. விளைநிலங்கள் அங்கீகாரமற்ற மனைகளாகக் கூறுபோடப்பட்டதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபின்தான் விழித்தார்கள். விழித்ததும் 2017-இல் அவர்கள் கொண்டுவந்தது, கட்டணம் வாங்கிக்கொண்டு அம்மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தலை 2019 டிசம்பர் வரை இழுத்தார்கள். அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் அடுத்த தேர்தலை நடத்தாமல் தனி அலுவலர்களை அமர்த்தினார்கள். 2019 பிப்ரவரியில் நடந்ததுபோல், ஆட்சேபம் தெரிவிக்க மன்றமே இல்லாத ஊர்களின் மீது இறக்கப்படும் விதிக்கு எதிர்ப்பு எழவில்லை என்று கோப்பில் குறித்துக்கொள்வது எவ்வளவு வசதியானது!

வீடு பெருக வேண்டும் என்பதை எந்த ஊராட்சியும் மறுக்கவில்லை. எத்தனை வீட்டின் கழிவைத் தன் மண் தாங்கும் என்று சொல்லும் உரிமையைத்தான் அது கேட்கிறது. மாடியை உயர்த்துமுன் வாறுகாலை எண்ணிப்பார்க்கும் முறை ஒன்றும், ஊரின் சொல்லுக்கு மதிப்பளிக்கும் ஏற்பாடு ஒன்றும் விரைவில் உருவாக வேண்டும். அது இல்லாமல் அடுத்த திருத்தம் வருமானால், கண்மாய்களை முன்பே பலிகொடுத்த அதே கைகள்தான் அதிலும் ஒப்பமிட்டிருக்கும்.