ஒரு ஜீனும் பன்றித் தீனும்

ஏ.எல்.லுக்கு பயோ படிச்ச ஆக்களுக்கு கிராம் மறை பற்றீரியா ஞாபகம் இருக்கும். கலச்சுவருக்கு வெளியில இன்னொரு மென்சவ்வு இருக்கு எண்டு பாடமாக்கி, சோதனை முடிய மறந்திருப்பம். ஆனால் மருத்துவத்தின் பெரிய சண்டை ஒன்று அந்த வெளி மென்சவ்வில்தான் நடக்கிறது.

அதன் வெளிப்பக்கத்தை மூடியிருப்பது லிப்போபொலிசக்கரைட்டு. கொழுப்பும் சீனிச் சங்கிலியும் சேர்ந்த மூலக்கூறு. அதை மென்சவ்வில் ஊன்றி வைத்திருக்கும் கொழுப்புப் பகுதியின் பெயர் லிப்பிட் ஏ. ஈ.கோலை அந்தப் பகுதியைக் கட்ட ஒன்பது நொதியங்கள் வரிசையாக வேலை செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜீன். லிப்பிட் ஏயில் உள்ள பொஸ்பேற்றுகளுக்கு மறை ஏற்றம். கொலிஸ்டின் என்ற மருந்துக்கு நேர் ஏற்றம். ஆகவே மருந்து போய் ஒட்டும், மென்சவ்வு குலையும், பற்றீரியா சாகும்.

கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் 1970களில் டொக்டர்மார் அதை ஓரங்கட்டினார்கள். மற்ற மருந்துகள் தோற்கத் தோற்க, கடைசி ஆயுதமாகத் திரும்ப எடுத்தார்கள்.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்-1 என்ற ஜீனைப் பற்றி எழுதினார்கள். அது தரும் நொதியம், லிப்பிட் ஏயின் பொஸ்பேற்றில் இன்னொரு சின்னக் கூட்டத்தைக் கொண்டுபோய்ப் பூட்டுகிறது. மறை ஏற்றம் குறைகிறது. கொலிஸ்டினுக்குப் பிடி இல்லை.

இப்படியான எதிர்ப்பு முதலும் இருந்தது. ஆனால் அது பற்றீரியாவின் சொந்த நிறமூர்த்தத்தில் வந்த விகாரம். பெரும்பாலும் அதன் சந்ததிக்குத்தான் போகும். எம்.சி.ஆர்-1 இருந்தது பிளாஸ்மிட்டில். பக்கத்து வீட்டுக்குக் கறி குடுக்கிற மாதிரி, வேற இனப் பற்றீரியாவுக்கும் கைமாறும். அவர்கள் பார்த்த 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78இல் அது இருந்தது. ஆஸ்பத்திரி நோயாளர் 1,322 பேரில் 16 பேரிடமும் இருந்தது.

இறைச்சியில ஏன் இவ்வளவு? பன்றிகள் கெதியாக் கொழுக்க வேணும் எண்டு தீனில கொலிஸ்டின் கலந்தார்கள். வருத்தம் வந்த பன்றிக்கு இல்லை, எல்லாப் பன்றிக்கும்.

இங்கதான் எனக்கு ஒரு கோபம். அன்டிபயோட்டிக் எதிர்ப்பு எண்டு பேச்சு வந்தா விரல் நோயாளியைத்தான் நீட்டும்: டொக்டரைக் கேக்காம குளிசை வாங்காதேங்கோ, போடாதேங்கோ. சரியான புத்திமதிதான். ஆனால் மேலே சொன்ன கதையில் குளிசை போட்ட நோயாளி எங்கே? அதில் இருப்பது தீன், லாபம், அதை அனுமதித்த சட்டம்.

சட்டம் மாறினால் பற்றீரியாவும் மாறும். சீனா 2017இல் வளர்ச்சிக்காகத் தீனில் கொலிஸ்டின் கலப்பதைத் தடை செய்தது. பன்றிகளில் கொலிஸ்டினை எதிர்க்கும் ஈ.கோலை 2015-16இல் 34 வீதம், 2017-18இல் 5.1 வீதம். சொந்த மேற்பரப்பை மாற்றிக்கொள்வது பற்றீரியாவுக்கும் செலவுதான். மருந்து இல்லாத இடத்தில் அந்த ஜீன் வெறும் சுமை. 2019இல் இந்தியாவும் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு இதைத் தடை செய்தது.

அந்த ஜீன் முழுசா ஒழியேல்லை, குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆனால் எதைக் கேட்கவேண்டும் என்பதை அது சொல்லித் தந்திருக்கிறது. நோயாளியிட்ட என்ன குளிசை போட்டனீங்கள் எண்டு கேக்கிற நாங்கள், இறைச்சி விக்கிறவையிட்டயும் அதிகாரத்தில இருக்கிறவையிட்டயும் தீனில என்ன கலக்கிறீங்கள் எண்டு கேக்கப் பழகவேணும்.