ரெண்டு பக்கமும் திருப்பினீங்களா?

திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி முடித்தார். செங்கல் செலவில்லை, கொத்தனார் கூலியில்லை. அதே ஊரில் என் நண்பர் ஒருவர் ஆறு வருஷமாக மனசுக்குள்ளேயே ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரே வித்தியாசம், இவர் ஒருநாள் நிஜமாகவே வாங்கிவிட்டார். பழைய மஹிந்திரா எம்.எம். 540. ஃபோர் வீல் டிரைவ்.

வாங்கியதோடு நின்றாரா? "இதுக்கு லாக்கிங் ஹப் மாட்டணும்" என்றார்.

"இந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம்" என்றார் அவர் மனைவி.

லாக்கிங் ஹப் என்றால் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? நான் பி.காம். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இந்த மாதிரி ஜீப்பில், சாதாரண ரோட்டில் எஞ்சின் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் சக்தி கொடுக்கும். முன் சக்கரங்கள் சும்மா உருளும். ஆனால் உருளும்போது முன் ஆக்ஸில், டிஃபரன்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் வீணாகச் சுற்றவைத்துக்கொண்டே போகும். வேலையே இல்லாத செக்‌ஷனுக்கு மாசாமாசம் சம்பளம் கொடுக்கிற மாதிரி! தேய்மானம் வேறு.

ஹப் என்பது முன் சக்கரத்தின் நடுவில் உட்காருகிற ஒரு குமிழ். 'ஃப்ரீ' என்று திருப்பினால் சக்கரம் தனியாக உருளும், ஆக்ஸில் தூங்கும். 'லாக்' என்று திருப்பினால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். உலகப் போரில் மிஞ்சிய ராணுவ ஜீப்புகளை அமெரிக்காவில் ஜனங்கள் ரோட்டில் ஓட்ட ஆரம்பித்தபோது, 1948-ல் கம்பெனி தொடங்கிய ஆர்தர் வார்ன் என்பவர் இதைச் செய்து விற்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டினார்கள். மெக்கானிக் ஆறு போல்ட்டைக் கழற்றி, பழைய மூடியை எடுத்து, உள்ளே துடைத்து, புது கேஸ்கெட் வைத்தார். "கிரீஸை அப்பக் கூடாது சார். தோசைக்கு எண்ணெய் தடவுற மாதிரி தடவணும். அப்பினா குமிழ் சிக்கிக்கும்." போல்ட்டுகளை எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொண்டு நின்றது, கிரைண்டர் கேட்ட அம்மணிதான்.

மெக்கானிக் கடைசியாகச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் திருப்பணும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினா, டிஃபரன்ஷியல் சக்தியை எல்லாம் சும்மா சுத்துற பக்கமே அனுப்பிடும். திருப்பாத மாதிரிதான்."

நண்பர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

2015 டிசம்பர் மழை. எதிர்வீட்டுப் பாட்டிக்கு மூச்சுத் திணறல். ஆவடிக்குக் கொண்டுபோக வேண்டும். தெருவில் முழங்கால் தண்ணீர். எந்த ஆட்டோவும் வரத் தயாரில்லை. ஜீப்பில் பாட்டி, பாட்டியைத் தாங்கிப் பிடித்தபடி நான், முன்னால் நண்பரும் மனைவியும்.

தெருமுனையில் பின் சக்கரங்கள் சேற்றில் இறங்கின. நண்பர் ஃபோர் வீல் போட்டார். எஞ்சின் உறுமியது. வண்டி நகரவில்லை. இன்னும் உறுமினார். இன்னும் இறங்கியது. பாட்டியின் மூச்சு விசில் மாதிரி கேட்டது. எனக்கு வியர்த்தது.

"ஏங்க, ரெண்டு பக்கமும் திருப்பினீங்களா?"

நண்பர் முழித்தார். கிளம்பும்போது டிரைவர் பக்கத்து ஹப்பை மட்டும் திருப்பியிருக்கிறார். அந்தப் பக்கம் மழை, அவசரம்...

அவர் இறங்குவதற்குள் அம்மணி இறங்கிவிட்டார். புடவையைச் செருகிக்கொண்டு, கலங்கல் தண்ணீரில் தோள்வரை கைவிட்டு, சக்கரத்தின் நடுவைத் தடவி... "இப்ப எடுங்க!"

முன் சக்கரங்கள் பிடித்தன. ஒரு குலுக்கல். வண்டி மேலே ஏறிவிட்டது. பாட்டிக்கு ஆவடியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்து, காபியில் சர்க்கரை போதவில்லை என்று மருமகளைத் திட்டினார்.

ஜீப் வைத்திருக்கும் வாசகர்களுக்கு: சேறு வருவதற்கு முன்பே, வண்டியை நிறுத்தி இரண்டு ஹப்பையும் பூட்டுங்கள். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் வேண்டாம். திருப்பத்தில் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு கியருக்குக் கேடு. தண்ணீரில் இறங்கி ஏறினால் ஹப்பைத் திறந்து பாருங்கள். கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்த மாதமே நண்பர் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. "எதுக்கு இப்ப?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.