நகரத்தில் வேலை, அயலூரில் வீடு

சென்ற வாரம் என் சகோதரியின் மகன் மனைவியையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். சுகசெய்திகள் விசாரித்துத் தேநீரும் அருந்தி முடிந்தபின், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதமொன்றை எடுத்து என் முன்னே விரித்து வைத்தான்.

“மாமா, வெள்ளவத்தையை விட்டு நீர்கொழும்புக்குக் குடிபோகலாமென்று யோசிக்கிறோம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.”

அவர்கள் இருப்பது ஒரு வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளில். வாடகை ஒப்பந்தம் முடிகிற தறுவாயில், வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தியதோடு ஒரு வருட முற்பணமும் கேட்கிறாராம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஏறிய விலைவாசி, ஏறிய இடத்திலிருந்து அதிகம் இறங்கவில்லை. சம்பளமோ அதனோடு ஓடிப்பிடிக்க மாட்டாமல் நொண்டுகிறது. மாதக் கடைசியில் கடன் வாங்குவது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. இந்த நிலையில் மலிவான அயலூர் ஒன்றை அவன் மனம் நாடியதில் வியப்பில்லை.

இது என் மருமகன் ஒருவனுடைய பிரச்சினை மாத்திரம் அன்று. விடியற்காலையில் கோட்டைப் புகையிரத நிலையத்தில் நின்று பார்ப்போர்க்கு இது நன்றாக விளங்கும். வடக்கே மீரிகமை, வெயாங்கொடை, கம்பஹா. தெற்கே களுத்துறை, பாணந்துறை, மொறட்டுவை. இவ்வூர்களிலிருந்தெல்லாம் வரும் வண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு கிராமத்தையே இறக்கிவிட்டாற்போல் சனங்களைக் கொட்டிவிட்டுச் செல்கின்றன. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரையிலான நமது முதற் புகையிரதப் பாதை 1865இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அதைப் போட்டவர்களின் நோக்கம். கோப்பி போய்விட்டது, தண்டவாளம் நிலைத்துவிட்டது. கோப்பி மூட்டைகளுக்காகப் போட்ட பாதை இன்று எழுதுவினைஞர்களையும் தாதிமாரையும் கடைச் சிப்பந்திகளையும் சுமக்கிறது.

நீர்கொழும்புக்கு 1909இல் வண்டி ஓடத் தொடங்கியது. ராகமையில் பெரும்பாதையை விட்டுப் பிரிந்து, கந்தானை, ஜா-எல, சீதுவை, கட்டுநாயக்கா வழியாக அது செல்கிறது. கட்டுநாயக்கா அதிவேகப் பாதை 2013இல் திறக்கப்பட்ட பின் பஸ் பிரயாணமும் சுருங்கியது. ஆனால் அதிவேகம் பேலியகொடையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் நகருக்குள் நுழைய மாட்டுவண்டியின் பொறுமை வேண்டும்.

ஊரைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. தமிழ்க் குடும்பங்களுக்கு நீர்கொழும்பு அந்நிய பூமியன்று. கடற்கரைத் தெருவிலே பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் கோயில்கள் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் படிக்க விஜயரத்தினம் இந்து மத்திய கல்லூரி இருக்கிறது. மீன் சந்தையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. கடலோரத்தில் உல்லாசப் பயணிகளை நம்பிய விடுதிகள் நிறைந்திருப்பதால் அங்கே வாடகை அதிகம். சற்று உள்ளே போனால் முற்றமும் கிணறும் உள்ள வீடு, வெள்ளவத்தையின் இரண்டு அறைகளைவிடக் குறைந்த வாடகைக்கே கிடைக்கும்.

நிற்க. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மருமகனின் காகிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன. வாடகையில் மிச்சம் 40,000 ரூபா. சீசன் சீட்டுக்கும் சில்லறைப் பிரயாணத்துக்கும் செலவு 9,000 ரூபா. “மாதம் 31,000 ரூபா இலாபம், மாமா” என்றான்.

நான் பேனையை வாங்கிக்கொண்டேன். “உன் தாயாரை மாதாந்தம் கொழும்பு வைத்தியரிடம் யார் கூட்டிவருவது? மூத்தவளின் சனிக்கிழமை வகுப்பு வெள்ளவத்தையில்தானே?” என்று கேட்டேன். அவற்றுக்கு 6,000 ரூபா எழுதினோம். விடியற்காலையில் புறப்படுபவன் வழியில் உண்ணும் சிற்றுண்டிக்கும் தேநீருக்கும் 3,000 ரூபா. ஆக, மிச்சம் 22,000 ரூபாவாக இறங்கியது.

பின்பு நேரத்தை எழுதினோம். இன்று அவன் வீட்டு வாசலிலிருந்து கோட்டையிலுள்ள காரியாலய வாசலுக்குப் போக அரைமணி, வர அரைமணி. நீர்கொழும்பிலிருந்து வண்டியில் மாத்திரம் ஒரு மணிக்கு மேற் செல்லும். நிலையத்துக்குப் போவதும் காத்திருப்பதும் சேர்ந்தால் ஒரு வழிக்கு ஒன்றேமுக்கால் மணி. இரு வழிக்கும் மூன்றரை மணி. மாதம் 22 வேலைநாட்களுக்கு 77 மணிநேரம். இப்போது செலவாகும் 22 மணிநேரத்தைக் கழித்தால், மேலதிகமாக 55 மணிநேரம்.

22,000 ரூபாவை 55ஆற் பிரித்தால் 400 ரூபா. “தம்பி, உன் வாழ்நாளில் ஒரு மணிநேரத்தை 400 ரூபாவுக்கு விற்கப் போகிறாய். விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. என்ன விலைக்கு விற்கிறாய் என்பதைத் தெரிந்துகொண்டு விற்கவேண்டும்” என்றேன்.

அதுவரை பேசாதிருந்த மருமகள் அப்போது வாய் திறந்தாள். “இவர் ஐந்து மணி வண்டியைப் பிடிக்க நான் மூன்றரைக்கு எழும்பவேண்டும். பின்னேரத்தில் பிள்ளைகளின் படிப்பு, மாமியின் மருந்து, கடை கண்ணி எல்லாம் என் தலையில். இந்தக் கணக்கில் என்னுடைய நேரத்தை ஒருவரும் எழுதவில்லையே, மாமா.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்கில் நான் வல்லவன் என்று நினைத்திருந்தேன். வீட்டுக்காரியின் நேரத்துக்குக் கூலி இல்லாதபடியால் அதை எழுதாமலே விட்டுவிட்டேன். ஒருவன் பிரயாணம் செய்தால் வீடு முழுவதும் அவனோடு பிரயாணம் செய்கிறது என்பதை அவள் எனக்கு நினைவூட்டினாள்.

அறிஞர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தாலியரான செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதிய கட்டுரையொன்றில், மனிதர் எந்தக் காலத்திலும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரத்தையே பிரயாணத்துக்கு ஒதுக்குகின்றனர் என்றும், வாகனத்தின் வேகம் கூடக்கூட நேரம் மிஞ்சுவதில்லை, வீடுதான் தூரம் போகிறது என்றும் விளக்கினார். சுவிட்சர்லாந்திலே புருனோ பிரே, அலோயிஸ் ஸ்டுட்சர் என்னும் பொருளியலார் இருவர், ஜெர்மானியக் குடும்பங்களிடம் ஆண்டுதோறும் திரட்டிய விபரங்களைக் கொண்டு இதே விஷயத்தை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். தூரத்தில் குடியிருந்து வேலைக்குப் போய்வருவோர்க்கு மலிவு வீடோ கூடிய சம்பளமோ கிடைத்து, அவர்கள் இழந்த நேரம் ஈடாகிவிட வேண்டும் என்பது பொருளியலின் எதிர்பார்ப்பு. அவர்கள் கண்டதோ வேறு. பிரயாண நேரம் கூடக்கூட மனநிறைவு குறைந்தது, இழப்பு ஈடாகவில்லை. வாடகையைக் கணக்கிடுவது எளிது, களைப்பைக் கணக்கிடுவது கடினம். நாம் எளிதானதை மாத்திரம் கணக்கிட்டுவிட்டு முடிவு செய்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

புத்தகத்தைப் பார்த்து மாத்திரம் இதை நான் சொல்லவில்லை. பாணந்துறையில் குடியிருந்து கோட்டைக்குப் பத்து வருடம் போய் வந்தவன் நான். கரையோரப் பாதையின் கடற்காற்றும், வண்டியிலே சேர்ந்த நண்பர் கூட்டமும் அக்காலத்தில் எனக்குப் பெரிய இன்பங்கள். வேலை முடிந்ததும் ஒரு வண்டியை விட்டு அடுத்த வண்டியில் நண்பர்களோடு வருவேன். வீடு சேரும்போது பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள்.

என் மூத்த மகன் ஐந்தாம் வகுப்பிலே “எனது தந்தை” என்று ஒரு கட்டுரை எழுதினான். “எனது தந்தை இரவில் வருவார். காலையில் அவருடைய செருப்பு வாசலில் இல்லாவிட்டால் அவர் வேலைக்குப் போய்விட்டார் என்று அறிந்துகொள்வேன்” என்பது அதன் தொடக்கம். ஆசிரியர் “நன்று” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். நான் அதை வாசித்துச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.

எனினும் பாணந்துறைக்குப் போனது பிழையென்று நான் சொல்லமாட்டேன். போயிராவிட்டால் கடன் எங்களை விழுங்கியிருக்கும். பிள்ளைகளை நான் நினைத்தபடி படிப்பித்திருக்கவும் முடியாது. கடனில்லாத வீட்டின் அமைதியும் பிள்ளைகளுக்கு ஒரு செல்வமே. போனபின் எஞ்சிய நேரத்தைக் காவல் காக்கத் தவறினேனே, அதுதான் பிழை. அந்தப் பிழையை மருமகன் செய்யாதிருக்க, அன்று அவனுக்குச் சொன்னவற்றை இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

முதலாவது, முற்பணம் கொடுக்குமுன் ஒரு வாரம் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். விடுமுறை நாளிலே வீடு பார்க்கப் போனால் எந்த ஊரும் கிட்டத்தான். வேலைநாளில் காலை வண்டியிலே வந்து மாலை வண்டியிலே திரும்பவேண்டும். அவற்றில் ஒன்று வெள்ளிக்கிழமையாகவும் ஒன்று மழைநாளாகவும் இருந்தால் நன்று.

இரண்டாவது, மலிவு வீட்டைவிட நிலையத்துக்குக் கிட்டிய வீடே மலிவு. 5,000 ரூபா கூடக் கொடுத்து, ஒரு வழிக்கு இருபது நிமிடம் குறையுமாயின், மாதம் ஏறக்குறைய 15 மணிநேரம் திரும்பக் கிடைக்கிறது. மணிக்கு 400 ரூபாவுக்கு விற்ற நேரத்தை ஏறக்குறைய 340 ரூபாவுக்குத் திரும்ப வாங்கும் வியாபாரம் அது.

மூன்றாவது, ஒரே வழியை நம்பி ஊர் மாறலாகாது. புகையிரத வேலைநிறுத்தம் வந்தால் பஸ் வேண்டும். 2022இல் எரிபொருளுக்குக் கிலோமீற்றர்க் கணக்கில் வரிசை நின்றபோது, பஸ்ஸை மாத்திரம் நம்பியவர்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

நான்காவது, பிள்ளைகளின் பாடசாலை. முதலாம் வகுப்பு அனுமதிக்குப் பாடசாலையிலிருந்து வீட்டின் தூரமும், கடந்த வருடங்களின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பதிவும் புள்ளிக்கு எடுக்கப்படுகின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டார் இன்று ஊர் மாறினால், அதன் பலனோ பாதகமோ சில வருடங்களின் பின்னே தெரியவரும். குடிபோன உடனேயே கிராம உத்தியோகத்தரைக் கண்டு பதிவை மாற்றிக்கொள்வது புத்தி.

ஐந்தாவது, மிச்சம் பிடிக்கும் பணத்தை முதல் மாதத்திலிருந்தே வேறாக வைக்கவேண்டும். கடனுக்கோ வங்கிக்கோ போகாமல் அது வீட்டுச் செலவோடு கரைந்துவிடுமாயின், நேரமும் போய்ப் பணமும் போன கதையாக முடியும்.

கடைசியாக ஒன்று. கிழமையில் இரண்டு மாலைகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் முதல் வண்டியிலேயே வீடு திரும்பவேண்டும். எந்த நண்பன் அழைத்தாலும் சரி, எந்தக் காரியம் மீந்திருந்தாலும் சரி.

நேற்று முன்தினம் மருமகன் தொலைபேசியில் பேசினான். ஒரு வாரம் போய்வந்து பார்த்தானாம். மூன்று நாள் நின்றுகொண்டே வந்தானாம். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வீடு பார்த்திருக்கிறான். முதலில் நினைத்த வாடகையிலும் 5,000 ரூபா கூட. காலையில் அரைமணி முந்தி வந்து மாலையில் அரைமணி முந்திப் போகக் காரியாலயத்தில் அனுமதி கேட்டிருக்கிறான். காலைத் தேநீரும் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியும் இனித் தன் பொறுப்பு என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்.

“அனுமதி கிடைத்துவிட்டதா?” என்று கேட்டேன்.

“இன்னும் பதில் வரவில்லை, மாமா. பதில் வந்த பிறகுதான் முற்பணம் கொடுப்பது என்று இவள் சொல்லிவிட்டாள்.”

என் மருமகளுக்குக் கணக்கு என்னைவிட நன்றாகவே தெரிகிறது. இப்போது அந்தக் காகிதம் அவள் கையில் இருக்கிறதாம்.