எழுத்தறிவும் சான்றறிவும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பிரதேசத்தில் 2021ம் வருஷம் டிசம்பர் மாதம் நிகழ்ந்த சம்பவத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் கெட்ட உணவை உண்டு 150க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரி சேர நேர்ந்தது. சிலர் மாண்டுவிட்டனர் என்ற வதந்தி கைபேசிகளின் வாயிலாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்து இரவெல்லாம் அமர்ந்தனர். ஒருவரும் இறக்கவில்லை என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் அவர்களுடைய குறை பொய்யன்று. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தன் விதிகளுக்கு ஒத்திருக்கவில்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

அப்பெண்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. தோழியரின் கதி தெரியாமல் தவித்தவர்கள் கிடைத்த செய்தியை நம்பியதில் வியப்பில்லை. ஆயினும் மெய்யான குறையுடன் பொய்யான செய்தி கலந்துவிட்டால் நஷ்டம் குறையுடையவர்களுக்கே. நியாயமான கிளர்ச்சியை 'வதந்தியால் விளைந்த கலகம்' என்று ஒதுக்கிவிட எதிர்த் தரப்பினருக்கு அது வழிசெய்து கொடுக்கிறது. 'இதற்கு ஆதாரம் என்ன?' என்று கேட்கும் பழக்கமே தொழிலாளிக்குக் கவசம். அப்பழக்கத்தைப் போலீஸ் நடவடிக்கையால் உண்டாக்க இயலாது. ஆரம்பப் பாடசாலையிலேதான் உண்டாக்க வேண்டும்.

நமது பாடசாலைகளின் நிலை யாது? 2018ல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்பு மாணாக்கருள் நூற்றுக்கு 10.2 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசித்தனர் என்று 'அசர்' அறிக்கை கூறிற்று. கொள்ளைநோயால் பள்ளிகள் மூடிக்கிடந்த பின், 2022ல் அது 4.8 ஆகக் குறைந்தது. அவ்வாண்டிலேயே சர்க்கார் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கிக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனத் தரம் பிரித்துப் போதிக்க முற்பட்டது போற்றத்தக்கதே.

ஆனால் சரளமாக வாசிப்பது முதற்படிதான். 'பைசா' என்னும் சர்வதேசப் பரீட்சையின் 2009ம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாட்டின் பதினைந்து வயது மாணாக்கர் கலந்துகொண்டனர். வாசித்ததிலிருந்து செய்தியைத் தேடி எடுப்பது, பொருத்திப் பொருள் காண்பது, சீர்தூக்குவது ஆகியவையே அதில் சோதிக்கப்பட்டன. வாசிப்பில் அடிப்படைத் தகுதியை எட்டியவர் நூற்றுக்கு 17 பேரே. வளர்ந்த நாடுகளின் சராசரியோ 81. வினாவிடையை நெட்டுருப் போட்டு வளர்ந்த பிள்ளை, புதியதொரு பத்தியைக் கண்டதும் திகைத்து நிற்கிறான்.

பரிகாரம் எளியது. 'தாய் கொடியிலிருந்த துணிகளை அவசரமாக உள்ளே எடுத்தாள். கண்ணன் குடையைத் தேடினான்' என்று ஒரு பாடத்தில் வருவதாகக் கொள்வோம். 'வானம் எப்படி இருந்தது?' என்று உபாத்தியாயர் வினவுகிறார். 'மேகம் சூழ்ந்திருந்தது' என்கிறாள் ஒரு சிறுமி. 'சரி' என்று சொல்லி மேற்செல்லாமல், 'எந்தச் சொல்லால் அறிந்தாய்?' என்று கேட்க வேண்டும். அவள் துணியையும் குடையையும் சுட்டிக்காட்டுவாள். 'கண்ணனின் வயது என்ன?' என்ற வினாவுக்குப் 'பாடத்தில் சொல்லப்படவில்லை' என்பதே சரியான விடை என்றும் கற்பிக்க வேண்டும். இரு பிள்ளைகள் மாறுபட்டால், உரத்துப் பேசியவன் வெல்லலாகாது. பாடத்திலுள்ள வரியே தீர்ப்பளிக்க வேண்டும்.

இஃது அந்நியச் சரக்கு அன்று. மணிமேகலையில் அளவைகள் விரித்துரைக்கப்பட்டுள்ளன. நம் உரையாசிரியர்கள் தாம் கூறும் பொருளுக்கு மேற்கோள் காட்டிச் சென்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுஜர் காட்சி, அநுமானம், ஆகமம் என்னும் பிரமாணங்களைக் கொண்டே தம் சித்தாந்தத்தை நிலைநாட்டினார். பண்டிதர்க்கு உரியதாயிருந்த இம்முறை தொழிலாளியின் குழந்தைக்கும் உரியதாக வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

'எழுத்தே கூட்டத் தெரியாத குழந்தையிடம் ஆதாரம் கேட்பதா?' என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் கதை கேட்கத் தெரியும். கதையைச் சொல்லிவிட்டு, 'நரி பயந்தது என்று எப்படித் தெரிந்தது?' என்று முதல் வகுப்பிலேயே கேட்கலாம். எழுத்துப் பயிற்சிக்கு இது இடையூறன்று, தூண்டுகோலாகும்.

சர்க்கார் செய்ய வேண்டியவை இரண்டு. பரீட்சையில் விடையுடன் அதற்கு ஆதாரமான வரியையும் எழுதச் செய்து, அதற்குத் தனி மதிப்பெண் தரட்டும். பாடப் புத்தகத்தில் இல்லாத புதுப் பத்தியொன்றையும் ஒவ்வொரு பரீட்சையிலும் வைக்கட்டும். 2013ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. ஒரகடத்துக் கம்பெனிகள் அதில் ஒரு பகுதியைச் சுற்றுப்புறக் கிராமப் பள்ளிகளின் புத்தகசாலைகளுக்கு ஒதுக்கட்டும். ஒரே புத்தகத்தை மனனம் செய்யும் குழந்தைக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது புத்தகம் ஏது?

இன்று அப்பள்ளிகளில் பயில்வோர் நாளை சம்பளச் சீட்டையும் ஒப்பந்தத் தாளையும் கையில் வாங்குவார்கள். நிர்வாகத்தின் அறிவிப்பும் சங்கத்தின் துண்டுப் பிரசுரமும் அவர்களிடம் வரும். நமது பத்திரிகையும் வரும். எல்லாவற்றையும் நோக்கி, 'எந்த வரியில் இருக்கிறது?' என்று கேட்க அவர்கள் கற்றிருக்க வேண்டும். அக்கேள்விக்கு அஞ்ச வேண்டியவர்கள் பொய் சொல்வோர் மட்டுமே.